பழைய கமராவும் பெயரற்ற முகங்களும்: மலையக ஒளிப்பட மரபு பற்றிய ஒரு நோக்கு

ஒரு கருவி பழமையடைந்துவிட்டது என்று கூறும்பொழுது நாம் உண்மையில் எதனைக் குறிக்கின்றோம்? அக்கருவி இயங்காது போயிற்று என்பதையா, அன்றி அதனைச் சூழ்ந்திருந்த மனித உறவுகள் மாறிவிட்டன என்பதையா? படச்சுருள் இட்டுப் படம் பிடிக்கும் கமராவைப் பொறுத்தவரை பின்னதே உண்மையாகும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பொறிமுறைக் கமரா ஒன்று, ஓரளவு பேணப்பட்டிருப்பின், இன்றும் இயங்கும். பலவற்றுக்கு மின்கலம் தானும் வேண்டியதில்லை. வில்லையும் மூடியும் சுருளை நகர்த்தும் பற்சக்கரமும் தம் கடமையைச் செய்யக் காத்திருக்கின்றன. மாறியிருப்பவை படச்சுருள் விற்ற கடைகள், அதனைக் கழுவிய இருட்டறைகள், படம் பிடிப்பதற்கென்று நாள் குறித்து, உடை உடுத்தி, நகரத்துக்கு இறங்கிவந்த மக்களின் வழக்கங்கள் ஆகியனவேயாம்.

நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை முதலிய மலைநாட்டு நகரங்களின் பழைய ஸ்டூடியோ அலுமாரிகளிலும், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தோட்ட உத்தியோகத்தர்கள் ஆகியோரின் இல்லங்களிலும் இத்தகைய கமராக்களைக் காணலாம். இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுப்பப்படுகின்றது. வரவேற்பறை அலங்காரமாக்கலாம் என்பர் சிலர். மீண்டும் படச்சுருள் வாங்கி இட்டுப் பழைய மெருகினைப் பெறலாம் என்பர் வேறு சிலர். வில்லையைக் கழற்றிப் புதிய இலக்கமுறைக் கமராவிற் பொருத்தலாம் என்பாரும் உளர். இவ்விடைகள் யாவும் கருவியைத் தனியொரு பொருளாகக் கொண்டு பிறப்பவை. ஆயின் மலையகத்தில் இவ்வினாவை எழுப்புவோர் அதற்கு முற்பட்ட வினாவொன்றினை எதிர்கொள்ள வேண்டியவராகின்றனர். இக்கருவி இதுகாறும் இம்மண்ணில் யாருடைய கையில் இருந்தது, யாரை நோக்கித் திருப்பப்பட்டது, என்ன பயன் கருதித் திருப்பப்பட்டது என்பதே அவ்வினா.

இவ்விசாரணையைத் தொடங்குவதற்கு உகந்த இடம் பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் தேவாலயத்தின் சிறு கல்லறைத் தோட்டமாகும். உலக ஒளிப்படக் கலை வரலாற்றில் முதன்மையான இடம் பெறும் ஜூலியா மார்கரெட் கமரோன் அங்குதான் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த அவ்வம்மையார், 1863ஆம் ஆண்டில், தமது நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த கமராவைக் கொண்டு படம் பிடிக்கத் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுள் தெனிசன், டார்வின், கார்லைல், ஹேர்ஷல் முதலியோரின் முகங்களை அவர் பதிவுசெய்த முறை, ஒளிப்படத்தை இயந்திர நகல் என்னும் நிலையிலிருந்து கலை என்னும் நிலைக்கு உயர்த்தியது எனத் திறனாய்வாளர் கூறுவர். 1875இல் குடும்பத்துடன் இலங்கைக்கு வந்து குடியேறிய அவர், 1879ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் மறைந்தார்.

அவர் இங்கு வந்தமைக்குக் காரணம் கலையன்று, கோப்பி. அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரோன், நம் வரலாற்று மாணவர் யாவரும் அறிந்த கோல்புறூக்–கமரோன் ஆணைக்குழுவின் கமரோனேயாவார். அவ்வாணைக்குழுவின் விதப்புரைகளை ஒட்டியே 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கிக் கூலி உழைப்புக்கு வழி திறந்தது. அவ்வழியே பெருந்தோட்டம் புகுந்தது. பெருந்தோட்டத்தின் பின்னே தமிழ்நாட்டின் வரண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் நடந்து வந்தனர். ஆணைக்குழு உறுப்பினர் பின்னர் கோப்பித் தோட்டங்களின் உடைமையாளருமானார். ஆகவே, ஜூலியா கமரோனின் கமரா மலைநாட்டுக்கு வந்தது தற்செயலன்று. உழைப்பாளரை இங்குக் கொணர்ந்த அதே பொருளாதாரமே அவ்வம்மையாரையும் இங்குக் கொணர்ந்தது.

இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ முப்பதுக்கு மேற்படா. கமரோன் குடும்பத்தின் தோட்டங்களோடு தொடர்புடைய தொழிலாளரும் களுத்துறைப் பகுதிக் கிராமத்தவரும் அவற்றில் இடம்பெறுகின்றனர் எனக் கருதப்படுகின்றது. அக்காலத்தில் அவர் கையாண்ட ஈரக் கொலோடியன் முறை மிகுந்த சிரமந் தருவது. கண்ணாடித் தகட்டின்மேல் மருந்தினைப் பூசி, அது உலருமுன் படம் பிடித்து, உடனே இருட்டறைக்குட் கொண்டுசென்று கழுவவேண்டும். படம் பிடிக்கப்படுபவர் அசையாது இருத்தல் வேண்டும். வெப்பமும் ஈரமும் மிக்க இந்நாட்டில் அதனைச் செய்து காட்டியமை ஒரு சாதனை என்பதில் ஐயமில்லை. படங்களின் அழகும் மறுக்கப்படுவதற்கில்லை. ஒளி முகத்தின் ஒருபுறமாக வீழ்கின்றது. கண்கள் நேரே நோக்குகின்றன. தோட்டத்து வறுமையைக் காட்டும் வேடிக்கைப் படமாக அவை அமையவில்லை.

எனினும் ஒரு வேறுபாட்டினை இங்கு ஊன்றி நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டார்வின் டார்வினாகவே பெயர் குறிக்கப்பட்டுள்ளார். அது இயல்பே. ஆனால் அவ்வம்மையாரின் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து, மரியாளாக வேடம் புனைந்து, எத்தனையோ படங்களுக்கு அமர்ந்த மேரி ஹில்லியரின் பெயரும் வரலாற்றில் நிலைத்திருக்கின்றது. இலங்கைப் படங்களிற் காணப்படும் முகங்களுக்கோ பெயரில்லை. 1878ஆம் ஆண்டுப் படமொன்று களுத்துறைக் குடியானவர் குழு என்றே பெயர் பெறுகின்றது. ஏனையவற்றுக்கு நூதனசாலைப் பட்டியல் தயாரிப்போர் பெண், மனிதன், குழு என்று பொதுப்பெயர் சூட்டியுள்ளனர். வர்க்க வேறுபாட்டையேனும் தாண்டிச் சென்ற பெயர் குறிக்கும் வழக்கம், காலனித்துவ எல்லையைத் தாண்டவில்லை என்பதே இதன் பொருள். 1877இல் களுத்துறைக்கு வந்து அவரது விருந்தினராகத் தங்கிய ஓவியர் மரியான் நோர்த் தமது நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தி கூறுவார்: ஒருவனுடைய முதுகின் வடிவழகினைக் கண்டு வியந்த அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக அமர்த்திக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்தினாராம், அவ்வீட்டில் தோட்டமும் இல்லை, அம்மனிதனுக்குத் தோட்டவேலையும் தெரியாது. நோர்த் இதனை நகைச்சுவையாகவே எழுதுகின்றார். நமக்கோ இச்சிறு செய்தி ஒரு முழு மரபின் இலக்கணமாகப் புலப்படுகின்றது. முதுகு வேண்டும், வடிவம் வேண்டும், ஒளி வேண்டும். ஆளின் பெயர் வேண்டியதில்லை.

பெயர் என்னும் சொல்லுக்கு மலையகத்தில் தனியொரு பொருள் உண்டு என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. தோட்ட வழக்கிற் ‘பேர்’ என்றால் ஒரு நாட் கூலி. காலையிற் பெரட்டுக் களத்திற் கணக்கெடுத்துச் செக்ரோலிற் பதியப்படும் பேருக்குத்தான் சம்பளம். குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடின் ‘அரைப்பேர்’ போடப்படும். ஒரு மனிதரின் பெயர் பாதியாக வெட்டப்படும் விந்தையை வேறெந்தத் தமிழ் வழக்கிலும் நான் கண்டதில்லை. அன்றாடம் பேர் எழுதப்பட்ட மக்கள், படங்களில் மட்டும் பேரற்றவராயினர்.

கமரோனின் படங்களிற் கலைஞரின் கண்ணேனும் இருந்தது. அவருக்குப் பின் வந்த வணிக ஒளிப்படக்காரரிடம் அதுவும் சுருங்கியது. ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலிய நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தயாரித்து விற்ற படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண் ஒரு மாதிரி உருவமாக நிலைபெற்றாள். 1900ஆம் ஆண்டு வெளிவந்த ஹென்றி கேவின் தேயிலை பற்றிய நூலும், 1907ஆம் ஆண்டு ஆர்னோல்ட் றைற் பதிப்பித்த பெருந்தொகுதியும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கன. பின்னதிற் பங்களாக்களுக்குப் பெயர் உண்டு, தொழிற்சாலைகளுக்குப் பெயர் உண்டு, துரைமாருக்குப் பெயர் உண்டு. தொழிலாளர் ஒரு கூட்டமாக நிற்கின்றனர். உற்பத்திக் கருவிகளோடு அவர்களையும் சேர்த்து எண்ணிக் காட்டுவதே அத்தகைய படங்களின் நோக்கம். மண்டபத்திற் கப்பலேறுமுன் கழுத்திற் கட்டிவிடப்பட்ட, தோட்டத்தின் குறியீட்டெண் பொறித்த தகர வில்லைக்கும் இப்படங்களுக்கும் அடிப்படையில் வேறுபாடு அதிகமில்லை.

அசையும் படத்துக்கு வருவோம். பசில் றைற் 1934இல் உருவாக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படக் கலையின் உன்னதங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. 1935இற் பிரசல்ஸ் விழாவிற் பரிசு பெற்றது. லயனல் வென்ட்டின் குரலில், 1681ஆம் ஆண்டு றொபேட் நொக்ஸ் எழுதிய நூலின் பகுதிகள் அதற்கு உரையாக அமைந்தன. அதற்குப் பணம் வழங்கியது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தேயிலைப் பணத்தில் எடுக்கப்பட்ட அப்படம் சிவனொளிபாதமலை யாத்திரையில் தொடங்கிக் கண்டி நடனத்தில் நிறைவெய்துகின்றது. வணிகத்தின் குரல்கள் என்னும் மூன்றாம் பகுதியில் விலைகளும் கப்பற் செய்திகளும் ஒலிக்க, உழைப்பின் காட்சிகள் ஓடுகின்றன. ஒலிக்கும் ஓவியத்துக்கும் இடையே அமைக்கப்பட்ட அம்முரண் துணிச்சலானது. தமக்குப் பணந் தந்தவர்களையே அது மெல்லக் கேலி செய்கின்றது என்றுங் கூறலாம். ஆயினும் படம் காட்ட விரும்பும் இலங்கை நொக்ஸ் கண்ட இலங்கை. நொக்ஸ் காலத்தில் மலையகத் தமிழர் இங்கில்லை. எனவே அப்படத்தின் ஆன்மாவிலும் அவர்களுக்கு இடமில்லை. அம்மலையின் ஒரு பக்கத்து அடிவாரம் தேயிலைக் காடு என்பதையும், நல்லதண்ணீர் வழியே ஏறும் யாத்திரிகர் தோட்டங்களுக்கூடாகவே செல்கின்றனர் என்பதையும் நினைக்கும்பொழுது இவ்விடுபாடு உறுத்துகின்றது. அழகியல் வெற்றியும் சமூக மறதியும் ஒரே படைப்பில் ஒருங்கே வாழமுடியும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதுவரை கூறியவை வெளியாரின் கமரா பற்றியன. மலையக மக்கள் தாமாகவே கமராவின் முன் சென்று அமர்ந்தது எப்பொழுது, எதற்காக? திருமணம், பூப்புனித நீராட்டு, இறப்பு ஆகியவற்றுக்காக எனலாம். ஆனால் அவற்றினும் வலிய காரணம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக அனுப்பப்பட்டன. பதிவுபெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இக்கணக்குகளை நாம் பலமுறை படித்திருக்கின்றோம். ஆனால் இவற்றின் பின்னே ஓர் ஒளிப்பட வரலாறு உண்டு என்பதை எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்கும் படம் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையேனும் படம் எடுத்திராத முதியவர், அரசாங்கம் கேட்டது என்பதற்காக, மலையிறங்கி நகரத்து ஸ்டூடியோவின் நாற்காலியில் அமர்ந்தார். காது இரண்டும் தெரிய நேரே நோக்கும் அச்சிறு சதுரமே பலருக்கு எஞ்சியுள்ள ஒரே உருவமாகும்.

இதனோடு இணைந்து, அரசாங்கம் கேட்காத வேறொரு படமும் பிறந்தது. குடும்பத்தில் ஒரு பகுதி இந்தியாவுக்கும் மறுபகுதி இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டபோது, பிரியுமுன் ஒருங்கே நின்று எடுத்துக்கொண்ட படம் அது. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை நின்றுபோகும்வரை, ஹற்றனிலும் தலவாக்கலையிலும் புகையிரதம் ஏறியவர்களின் பெட்டிக்குள் ஒரு பிரதியும், லயத்துச் சுவரில் மற்றொரு பிரதியுமாக அது இரு நாடுகளில் வாழத் தொடங்கியது. பின்னணியில் வரையப்பட்ட மாளிகைப் படிக்கட்டு, ஓரத்தில் காகிதப் பூச்சாடி, நடுவில் முதியோர், பின்வரிசையில் இளையோர், மடியிற் குழந்தை. இவ்வமைப்பு தமிழ் வழங்கும் நாடெங்கும் உள்ளதே. இதனைப் பொய்மை என்று ஒதுக்கும் திறனாய்வு ஒன்று உண்டு. லயத்து அறையில் வாழ்வோர் மாளிகைப் படிக்கட்டின் முன் நிற்பது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வது என்பது அவ்வாதம். அது மேலோட்டமான வாதம் என்பதே என் துணிபு. கூடையும் முக்காடும் இன்றி, தாம் விரும்பிய உடையில், தாம் விரும்பிய வரிசையில் நின்று, பணங்கொடுத்து எடுப்பித்துக்கொண்ட அப்படத்தில் மட்டுமே அவர்கள் உற்பத்திக் கருவியாகத் தோன்றவில்லை. அஞ்சலட்டையின் ‘உண்மை’ துரையின் உண்மை. ஸ்டூடியோத் திரையின் ‘பொய்’ அமர்ந்தவர்களின் விருப்பம். யதார்த்தவாதம் பேசும் நாம், எவரது யதார்த்தம் என்று கேட்க மறந்துவிடலாகாது.

எழுத்தில் இப்பணியைச் செய்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடைப் பகுதியின் மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதிப் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற அவர், ‘போர்ன் டு லேபர்’ என்னும் தமது 1970ஆம் ஆண்டு நூலில் தோட்டத்து மனிதரைச் சொல்லோவியங்களாகத் தீட்டினார். அங்குத் தொழிலாளி கூட்டத்தில் ஒருவராக மறைந்துவிடுவதில்லை. தொழிலும் குணமும் குறும்பும் உடைய தனி மனிதராகின்றார். கமரா செய்யத் தவறியதை எழுதுகோல் செய்தது எனின் மிகையாகாது. அதற்கு இணையான ஒளிப்படத் தொகுதி ஒன்று, மலையகத்தின் உள்ளிருந்து, அக்காலத்தில் நமக்குக் கிட்டவில்லை. 1970களின் முற்பகுதியிற் பிரித்தானியத் தொலைக்காட்சி தோட்டத்து வறுமையைப் படம் பிடித்துக் காட்டியபொழுது அந்நாட்டில் அதிர்ச்சி உண்டாயிற்று. அது பயனற்றது என்று கூறமாட்டேன். எனினும் அங்கும் கமரா வெளியாருடையதே. பசித்த முகம் மீண்டும் பெயரற்ற சான்றுப் பொருளாயிற்று.

இப்பின்னணியில் இப்பொழுது நம் வினாவுக்கு மீளலாம். பழைய கமராவை அலங்காரப் பொருளாக வைப்பது பற்றி மலைநாட்டில் எவரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கந்தப்பளைக்கு அண்மையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்கள் காட்சிக்காக அதனுட் பேணப்பட்டுள்ளன. கட்டிடம் இடிபடாமற் காக்கப்பட்டது நன்று. ஆயின் இயந்திரம் அலங்காரமாகும்பொழுது அதனை இயக்கிய கைகள் மறைந்துவிடுகின்றன என்பதே இவ்வகைப் பேணலின் இயல்பு. மாறாக, கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயமொன்றில் 2007இல் நிறுவப்பட்ட தோட்டத் தொழிலாளர் நூதனசாலை வேறொரு நெறியைக் காட்டுகின்றது. அங்கு உள்ளவை அம்மக்கள் புழங்கிய பொருள்களும் அவர்களது ஆவணங்களும். பழைய கமரா அங்குச் சென்று சேருமாயின், அதனருகே அது எடுத்த படங்களும் இருக்கவேண்டும். படமில்லாத கமரா, கொழுந்தில்லாத கூடையைப் போன்றதே.

மீண்டும் படச்சுருள் இட்டு எடுத்தல் என்னும் இரண்டாவது விடைக்கு இன்று இளைஞரிடையே கவர்ச்சி மிகுதி. இதிற் போலி நாகரிகம் கலந்துள்ளது என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு படச்சுருளின் விலை தோட்டத் தொழிலாளி ஒருவரின் நாட் கூலியை விஞ்சுவது; 2021இல் ஆயிரம் ரூபா என்னும் நாட் கூலியைப் பெறுவதற்கு அம்மக்கள் எத்தனை ஆண்டு போராடினர் என்பதை நாம் அறிவோம். லயத்து இளைஞர் கையில் இன்று தொலைபேசிக் கமரா உண்டு. 2023இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டினை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நடைபயணத்தை, நடந்தவர்களே தம் கைபேசிகளிற் பதிந்துகொண்டனர். வெளியாரின் கமராவுக்காகக் காத்திருந்த காலம் அவ்வளவில் முடிந்துவிட்டது. இது பெரிய சமூக மாற்றம். இதனைக் குறைத்து மதிப்பிட்டுப் படச்சுருளே உயர்ந்தது என்று வாதிடுவது பிற்போக்காகும்.

எனினும் படச்சுருளின் இருட்டறை வேலையிற் கற்பித்தற் பயன் ஒன்று உண்டு. அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும். கறுப்பு வெள்ளைச் சுருளினைக் கழுவும் மருந்து பொதுவாக 20 பாகை செல்சியசில் வேலை செய்யுமாறு அமைக்கப்பட்டது. கொழும்பில் அதற்கு நீரைக் குளிரவைக்கவேண்டும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ நீரைச் சூடாக்கவேண்டும். உருத்துலக்கும் மருந்துக்கு மாற்றாக, உடன் கரையும் கோப்பித் தூளையும் சலவைச் சோடாவையும் கலந்து பயன்படுத்தும் முறையை அமெரிக்காவின் றொச்செஸ்டர் தொழினுட்பக் கழகத்தில் ஸ்கொட் வில்லியம்சும் மாணவரும் 1995இற் கண்டனர். பின்னர் உயிர்ச்சத்து சி சேர்த்து அதனைச் செம்மைப்படுத்தினர். கோப்பியிலுள்ள பீனோலிக் சேர்மங்களே ஒளிபட்ட வெள்ளி உப்பினை வெள்ளியாக மாற்றுகின்றன. தேயிலைச் சாயமும் இதனைச் செய்யும். ஆனால் மெதுவாகவும் வலுக்குறைந்தும் செய்யும். நீலப்படிகளைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துக் கபில நிறமாக்குதல் ஏலவே பலரறிந்த முறை. நிலைநிறுத்தும் உப்பினை மட்டும் கடையில் வாங்கவே வேண்டும். அவ்வுப்பின் தன்மையைக் கண்டறிந்தவரும், ஒளிப்படத் துறைக்கு எதிருரு என்னும் சொல்லை வழங்கியவரும் ஹேர்ஷல். கமரோனுக்கு இக்கலையை அறிமுகப்படுத்திய நண்பர் அவரே. மலைநாட்டுப் பாடசாலையொன்றின் இரசாயனக் கூடத்தில், மலைநாட்டின் இரு வரலாற்றுப் பயிர்களைக் கொண்டே மாணவர் தம் பாட்டியின் முகத்தைத் துலக்க முடியும் என்பது கவித்துவமான செய்தி என்பதைவிடப் பயனுள்ள பாடம் என்றே நான் கருதுகின்றேன். அளவு, வெப்பநிலை, நேரம் ஆகியவற்றின் மதிப்பு அங்குத் தெளியும். பன்னிரண்டு அல்லது முப்பத்தாறு படங்களே கிட்டும் என்னும் வரையறையால், எவரைப் படம் பிடிக்கின்றோம் என்பதைச் சிந்தித்து, அவரிடம் அனுமதி கேட்டு, பெயரை எழுதிக்கொண்டு எடுக்கும் பழக்கமும் வரலாம். வராமலும் போகலாம், கருவி தானாக ஒழுக்கத்தைக் கற்பிப்பதில்லை.

ஆயினும் பழைய கமராவின் தலையாய பயன் புதுப்படம் எடுப்பதில் இல்லை என்பதே என் முடிபு. அக்கமராவோடு அதே அலுமாரியிற் கிடக்கும் எதிர்மறைப் படங்களே அதன் உண்மையான செல்வம். அச்சிட்ட பிரதி வாடிக்கையாளரிடம் செல்லும்; எதிர்மறை ஸ்டூடியோவிலேயே தங்கும். ஆகவே 1950களிலிருந்து 1980கள் வரை மலையிறங்கி வந்து அமர்ந்த முகங்கள், பிரதிகள் இராமேசுவரத்துக்கு அப்பாற் சிதறிப்போன பின்னரும், மூலவடிவில் நம் நகரங்களிலேயே எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. அவற்றுக்கு மூன்று பகைகள் உள: மலைநாட்டு ஈரம், கடை கைமாறும்பொழுது நிகழும் துப்புரவு, வெள்ளிக்காகச் சுருள்களை வாங்கும் பழம்பொருள் வியாபாரம். அசெற்றேற்றுச் சுருள் சிதையத் தொடங்கும்பொழுது வினாகிரி மணம் வீசும். அம்மணம் வந்தபின் அவகாசம் அதிகமில்லை. அவற்றை ஏனையவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த குளிரான இடத்தில் வைத்து, விரைந்து நகலெடுக்கவேண்டும். நகலெடுப்பதற்கு அப்பழைய கமராவின் வில்லையே உதவும். ஒளிமேசை ஒன்றின்மேல் எதிர்மறையை வைத்து, வில்லையை இலக்கமுறைக் கமராவிற் பொருத்தி, அண்மைநிலையிற் படம் பிடித்தாற் போதும். வில்லையினுட் பூஞ்சணம் படர்ந்திருப்பின் முதலில் அதனைத் துப்புரவாக்கல் வேண்டும்.

இப்பணிக்குப் பெருநிதி வேண்டியதில்லை. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்திருக்கும் மாணவர் விடுமுறைகளிற் செய்யக்கூடியதே. ஆனால் நகலெடுத்தலோடு பணி முடிவதில்லை. அதுவே எளிய பகுதி. முகத்துக்குப் பெயர் தேடுதலே கடினமானது. ஸ்டூடியோவின் பதிவேடு கிடைத்தால் அதில் தொடங்கலாம். கிடைக்காவிடின், நகல்களைத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று, எழுபது எண்பது வயதானவர்களிடம் காட்டிக் கேட்கவேண்டும். அவர்கள் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. கேட்கும்பொழுது தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புதல் போதாது. மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். டிவிசனின் பெயர், லயத்தின் பெயர், வந்த ஊரின் பெயர் ஆகியனவும் வேண்டும். படத்திலிருந்து இந்தியா சென்றவர் எவர், இங்கு நின்றவர் எவர் என்பது தனியே குறிக்கப்படல் வேண்டும். குடும்பத்தார் வெளியிட விரும்பாத படமாயின் அது பூட்டிவைக்கப்படல் வேண்டும். அவர்கள் கேட்கும் பிரதி எதுவாயினும் விலையின்றி வழங்கப்படல் வேண்டும். எதிர்மறையின்மேல் எதனையும் எழுதலாகாது. அமிலமற்ற தாளுறையில் இட்டு, அவ்வுறையின்மேல், எதிர்மறையை உள்ளே வைக்குமுன், பென்சிலால் எழுதுக. பேனா மை மலைநாட்டு ஈரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்காது.